பிடித்துக்கொள்ள முடியாத குட்டி

நேற்று மத்தியானம் மாடியில் குடியிருப்பவர்களின் குழந்தை ஒரு படப்புத்தகத்தோடு இறங்கி வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டாள். டவுனில் ஏதோ பொருட்காட்சியில் வாங்கிக்கொடுத்தார்களாம். வழவழவென்ற காகிதம், பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். பிரித்தவுடன் மை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உங்கள் விரலிடுக்கில் இருந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாதே, அந்த வாசனை. கொஞ்ச நேரம் எனக்கு எழுத்தே கண்ணில் படவில்லை.

கதை ஓர் அணில்பிள்ளையைப் பற்றியது. அம்மா சொல்லைக் கேட்காமல் மரத்தைவிட்டு இறங்கிப் போகிறது. நாய் துரத்துகிறது. அழுதுகொண்டே திரும்பி வந்து, இனிமேல் சமர்த்தாக இருப்பேன் என்கிறது. கடைசிப் பக்கத்தில் அம்மா அணில் அதைக் கட்டிக்கொண்டு, "நீ நல்ல பிள்ளையாகிவிட்டாய், இனி நீ என் செல்லம்" என்கிறது. எனக்கு வந்ததே கோபம்! இனியாம்! அதுவரை யார் செல்லமாக இருந்ததாம்? மடியில் இருந்த குழந்தைக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தத் தைரியத்தில் அச்சில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, "நீ சமர்த்தோ அசடோ, நீ என் அணில்" என்று வாசித்தேன். "இன்னொரு தடவை அதைப் படிங்க மாமி" என்றாள். இன்னொரு தடவை படித்தேன். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா, "மாமி, புக்குல அப்படி இல்லீங்களே?" என்றாள்.

"புக்குல தப்பாப் போட்டுட்டான்மா. நான் திருத்திப் படிக்கிறேன்" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் ஊஞ்சலை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்திருப்பீர்கள். "சமர்த்தா இருக்கச் சொன்னா என்னடி தப்பு?" என்றிருப்பீர்கள். அந்தச் சண்டையை நாம் முடிக்கவே இல்லை. பாதியில் எழுந்து போனது நீங்கள். நான் முடித்துக்கொள்வதாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பெண் கோதைக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் நடை பழகி முடித்திருந்தாள். காய்ச்சல் இறங்கிப் போகும்போது அவள் வலது கையையும் எடுத்துக்கொண்டு போயிற்று. கை இருந்தது. தோளிலிருந்து, கொடியில் போட்ட துணிமாதிரித் தொங்கியது. இளம்பிள்ளை வாதம் என்று திருச்சி டாக்டர் சொன்னார். பூர்வஜன்ம கர்மா என்று உங்கள் அம்மா சொன்னார். நீங்களோ, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் இன்ஜின் பாகங்களை வரையும் டிராஃப்ட்ஸ்மனாக இருந்தவர் என்ன செய்வாரோ அதைச் செய்தீர்கள். காகிதத்தை விரித்து, அளவு போட்டு, கூடத்து உத்தரத்திலிருந்து ஒரு கப்பியும் கயிறும் தொங்குவதுபோல் வரைந்தீர்கள். மறுவாரம் அது நிஜமாகவே தொங்கியது. காலையிலும் சாயங்காலமும் குழந்தை அந்தக் கையாலேயே அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் உங்கள் முகம் மலரும். கயிறு நழுவிப் போனால், நீங்கள் திட்டமாட்டீர்கள். ஆனால் உங்கள் முகம் கொஞ்சம் வாடும். அந்த வாட்டத்தைக் குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்கள் கயிற்றைப் பார்த்தீர்கள். நான் அவளைப் பார்த்தேன்.

அவளுக்குக் கயிற்றில் ஆசை வரட்டும் என்றுதான் ஒரு படப்புத்தகம் போட்டீர்கள். காவேரிக்கரை அம்மா மண்டபத்தில் குரங்குகளைப் பார்த்தால் அவள் நகரமாட்டாள் அல்லவா? தடிமனான டிராயிங் ஷீட்டை மடித்து, என் கோணியூசியால் தைத்து, கறுப்பு மையில் ஒரு தாய்க் குரங்கையும் குட்டியையும் போட்டீர்கள். எத்தனை அழகு! அதே சமயம், எத்தனை வேடிக்கை! ஒரு பக்கத்தில் குரங்கு பக்கவாட்டில், இன்னொன்றில் மேலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. முழங்காலெல்லாம் ரயில் இன்ஜின் மூட்டு மாதிரி. கிளைக்குக் கிளை தாவுகிறது, வாய்க்காலைத் தாண்டுகிறது, கோபுரத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் அம்மா குரங்கு, "இறுகப் பிடித்துக்கொள் கண்ணே, தாண்டப்போகிறேன்" என்று சொல்கிறது. கடைசிப் பக்கத்தில் உச்சிக் கிளை. "இறுகப் பிடித்துக்கொண்ட குட்டி விழவே இல்லை."

குழந்தைக்கு அந்தப் புத்தகம் உயிர். தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். ஆனால் அது வந்த பிறகு, என்னைத் தூக்கு என்று கை நீட்டுவதை விட்டுவிட்டாள். பெரியவளாகிறாள் என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சித்திரைத் தேர் வரும்வரை.

தெருவெல்லாம் கிராமத்து ஜனம். நீர்மோர்ப் பந்தலைத் தாண்ட முடியவில்லை. நீங்கள் வாசலில் குனிந்து முதுகைக் காட்டினீர்கள்.

"ஏறிக்கோடி கோதை. தோள்ல உக்காந்து பாத்தா தேர் நன்னாத் தெரியும்."

அவள் கதவைவிட்டு நகரவில்லை. "நான் வரலை. நீங்க போயிட்டு வாங்கோ."

"நேத்தெல்லாம் தேர் தேர்னு குதிச்சியே!"

"பிடிச்சுக்க முடியாதேப்பா. விழுந்துடுவேன்."

"அசடு! அப்பா பிடிச்சுக்க மாட்டேனா?"

"புஸ்தகத்துல அம்மா பிடிச்சுக்கவே இல்லையே. குட்டிதானே பிடிச்சுண்டிருக்கு."

நீங்கள் நிமிர்ந்து உள்ளே வந்துவிட்டீர்கள். அந்த வருஷம் நம் வீட்டில் யாரும் தேர் பார்க்கவில்லை. வடம் இழுப்பவர்களின் கோஷம் மட்டும் தெருமுனையிலிருந்து கேட்டது. நான் உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து உங்கள் எதிரில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். குழந்தை சொன்னது சரி. தாய்க் குரங்கின் இரண்டு கையும் கிளையில்தான் இருந்தன, ஒரு பக்கத்தில்கூடக் குட்டியின்மேல் இல்லை.

"பிடிக்க முடியாத குட்டி எங்கே? அதுக்கு ஒரு பக்கம் போட்டேளா?" என்று கேட்டேன். "குரங்கு அப்படித்தான் போகும். நான் என்ன பண்ணட்டும்?" என்றீர்கள்.

உண்மைதான். குரங்கு அப்படித்தான் போகும். உங்கள் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் தலைமுறை தலைமுறையாகப் பேசித் தீராத வழக்கு அல்லவா அது! பகவான் நம்மை எப்படிக் காப்பாற்றுகிறான்? குரங்குக்குட்டி மாதிரி நாம்தான் அவனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பார்கள் உங்கள் வடகலையார். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற மாதிரி அவனே தூக்கிக்கொள்வான், நாம் சும்மா கிடந்தால் போதும் என்பார்கள் எங்கள் தென்கலையார். நம் கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் முணுமுணுத்தார்கள். நாம் சிரித்தோம். அந்தக் குரங்கும் பூனையும் நம் கூடத்திலேயே வந்து உட்காரும் என்று அப்போது தெரியாது.

மறுநாளே நான் பூனைப் புத்தகம் போட ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் மிச்சத்தைக் கற்றுக்கொண்டேன். படம் வரைய எங்கே கற்பது? தெரிந்ததெல்லாம் கோலம். ஆகவே புள்ளி வைத்தேன். நீங்கள் கழித்துப்போட்ட காகிதங்களின் பின்பக்கத்தில், புள்ளியைச் சுற்றிக் கோடு இழுத்து இழுத்து ஒரு பூனையைக் கொண்டுவந்தேன். கலர்ப் பென்சில் டப்பா ஒன்று வாங்கினேன். அதைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதினாய் என்று கேட்டீர்கள். மருந்து என்றேன்.

என் குட்டி எதுவுமே செய்யாது. பரணில் தூங்கும், அம்மா கவ்விக்கொண்டு போகும். பால் சட்டியைக் கவிழ்க்கும், அம்மா கவ்விக்கொண்டு போகும். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போ என்று சீறும், அப்போதும் கவ்விக்கொண்டு போகும். எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிதான்: "குட்டி பிடிக்கவில்லை. அம்மா விடவில்லை."

நீங்கள் பார்த்துவிட்டு, "இது பூனையா, ஊறுகாய் ஜாடியா?" என்றீர்கள்.

"பூனைதான். உங்க குரங்குக்கு நட்டு போல்ட்டெல்லாம் இருக்கு, என் பூனைக்கு இல்லை, அவ்வளவுதான்."

கோதை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "குட்டிக்குக் காலே இல்லேன்னா?"

"காலையா கவ்வறா? கழுத்தைத்தானே கவ்வறா!"

அவள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் இடுப்பில் தூக்கச் சொல்லி என்னிடம் வந்தாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. உங்களுக்கும் அதுவே போதும் என்று நினைத்தேன். நீங்களா விடுகிறவர்!

அதற்குள் சமாசாரம் வெளியே போய்விட்டது. அடுத்த தெருவிலிருந்து என் அப்பா வந்தார். குரங்குப் புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். வாலை எப்படி வளைச்சிருக்கார் பாரு, சாட்சாத் வடகலை நாமம்! சின்னக் குழந்தை நெஞ்சுல இப்பவே போட்டு அழுத்தறாரா?" என்றார். அது வெறும் வால்தான் அப்பா என்றால் கேட்பாரா? போகும்போது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கும்பகோணத்திலிருந்து உங்கள் அம்மா வந்தார். என் பூனையின் நெற்றியில் இருந்த கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். "ஏண்டிம்மா, பாதம் வெச்ச தென்கலை நாமமா? பூனைக்குமா?" என்றார். "பூனைக்கு நெத்தியில கோடு இருக்கும்மா" என்றேன். "எங்காத்துப் பூனைக்கெல்லாம் கிடையாது" என்றார். குழந்தையின் தொங்கும் கையை அந்த இரண்டு பேரும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாலையும் நெற்றியையும்தான் பார்த்தார்கள். அன்று நானும் நீங்களும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும் நீங்கள் கேட்டீர்களே, அதுதான் என்னை இத்தனை வருஷமாக விடவில்லை.

"எல்லாம் சரிடி. பூனை செத்துப்போனா குட்டி என்ன பண்ணும்?"

"பெருமாள் இருக்கார்."

"பெருமாள் வந்து இவளுக்குப் பாவாடை நாடா கட்டி விடுவாரா? பஸ்ஸுல ஏத்தி விடுவாரா? நீயும் நானும் போயிட்டோம்னு வெச்சுக்கோ. பிடிச்சுக்கத் தெரியாம வளந்தவளை யார் தூக்குவா?"

அன்று அடுப்பில் பருப்பு அடிபிடித்தது.  ஒன்று எனக்குப் புரிந்தது. நான் கயிற்றைக் கொடுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உங்கள் பயம். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் பயத்தைக் குழந்தை ஏன் இழுக்க வேண்டும்? இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அவள் நம்முடையவள் என்று முதலில் தெரியட்டும், பிறகு எத்தனை கயிறு வேண்டுமானாலும் கட்டுங்கள் என்றேன். நீங்கள் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

பகலில் பூனை, சாயங்காலம் குரங்கு என்று நம் வீட்டில் இரண்டு புத்தகமும் நடந்தன. வலது கையில் உயிர் வரவில்லை. கயிற்றை நீங்களே ஒரு நாள் அவிழ்த்து, சுருட்டி, பரணில் போட்டீர்கள். நீங்கள் கற்றுக்கொடுக்க, அவள் இடது கையால் எழுதினாள், நாடா கட்டினாள், தலை பின்னக்கூடப் பழகிவிட்டாள். இடது கையால் சாப்பிடுவதுதான் உங்கள் அம்மாவுக்குத் தாங்கவில்லை. ஒரு ஏகாதசிக்கு வந்திருந்தபோது, பூஜை முடிந்து எல்லோருக்கும் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். கோதை இடது கையை நீட்டினாள். உத்தரணிக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அந்தக் கையில பெருமாள் தீர்த்தம் குடுக்கறதாவது! அவ வாயில நீ விட்டுடு" என்று என்னிடம் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள், வரிசையில் அடுத்து நின்ற நீங்கள் கையை நீட்டினீர்கள். இடது கையை.

"உனக்கென்னடா கேடு? வலது கை நன்னாத்தானே இருக்கு?"

"அதுக்கு இன்னிக்கு லீவு குடுத்திருக்கேன்மா."

ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கை இறங்கவில்லை. உங்கள் அம்மா கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேர் கையிலும் ஊற்றினார். நானும் இடது கையைத்தான் நீட்டினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கும்பகோணம் போய்விட்டார். போகட்டும் என்றீர்கள். பக்தி என்றால் எனக்கு அன்று கண்ட அந்தக் கைதான். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று அப்போது சொல்லவில்லை.

மலைக்கோட்டை ஏறினோமே, அதையும் சொல்கிறேன். உச்சியிலிருந்து காவேரியையும் பொன்மலைப் புகைபோக்கியையும் பார்க்க வேண்டும் என்றாள் கோதை. தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன் நான். நடக்கட்டும் என்றீர்கள். அவள் இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு முன்னால் ஏறினாள். நீங்கள் பின்னால். நான் இன்னும் பின்னால், உங்களைத் திட்டிக்கொண்டே. பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன். நீங்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தீர்கள். அவளைத் தொடவில்லை. ஆனால் அவள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உங்கள் கை அங்கே இருந்தது. இறங்கி வந்தவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இப்ப ஒத்துக்கோங்கோ. நீங்களும் பூனைதான்" என்றேன்.

"போடி. எங்க ஒர்க்‌ஷாப்புல இதுக்கு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டின்னு பேரு."

வழியில் தாயுமானவர் சன்னதி. சிவன் என்பதால் நம்மவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நான் நின்று ஒரு கும்பிடு போட்டேன். பிள்ளை பெறப்போகிற பெண்ணுக்கு அவளுடைய தாய் உருவில் வந்து நின்றவராம். தாயாக வந்தவரிடம் எந்தக் கலை என்று கேட்டுக்கொண்டா நிற்பார்கள்? யார் என்ன சொன்னாலும் சரி, இன்னொரு தடவை போனால் அப்போதும் கும்பிடுவேன்.

பிறகு உங்களுக்கு வந்தது. வரைபலகைக்கு எதிரிலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்று ஆள் வந்து சொன்னான். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போயிற்று. கோதைக்கு எது போயிற்றோ அதே கை. பேச்சு குழறியது. ஆனால் அதைவிட, உங்களுக்கு வந்த வெட்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று தண்ணீரையே மறுத்தீர்கள். நான் கஞ்சியோடு வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கோதை ஸ்கூலுக்குப் போகவில்லை. என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கஞ்சியைக் கரண்டியில் எடுத்தாள். இடது கையால்தான். உங்கள் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இடது கையாலயா என் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அவர் குழந்தை அவருக்கு ஊட்டறாம்மா. பாக்க முடியலேன்னா அந்தண்டை திரும்பிக்கோங்கோ" என்றேன். மாமியாரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். கோபமா அழுகையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். உதடு கோணியது. நான் குனிந்து காதை வைத்தேன். "பிடிச்சுக்க... முடியலையே" என்றீர்கள். என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் கரண்டியை இறக்கவில்லை. "யார் பிடிச்சுக்கச் சொன்னா? நான் பிடிச்சுண்டிருக்கேன். நீங்க வாயை மட்டும் திறங்கோப்பா" என்றாள்.

பூனை செத்துப்போனால் குட்டி என்ன பண்ணும் என்று கேட்டீர்களே. இதோ பண்ணுகிறதே, பாருங்கள் என்று அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. நீங்கள் கற்றுக்கொடுத்த கைதான் அது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை அங்கே ஏன் வந்தது? கற்றுக்கொண்டதாலா வந்தது? நீங்கள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவளுடைய அப்பா என்று வந்தது. அதை எந்தக் கப்பியும் கயிறும் கற்றுக்கொடுக்கவில்லை.

நீங்கள் போன பிறகு எல்லோரும் எனக்கு யோசனை சொல்ல வந்தார்கள். ஊனமுள்ள பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், அண்ணன் வீட்டோடு போய் இரு, பெருமாளை இறுகப் பிடித்துக்கொள் என்றார்கள். நான் எங்கும் போகவில்லை. யாரையும் இறுகப் பிடிக்கவும் இல்லை. காலையில் விளக்கேற்றி, கை கூப்பி, "எனக்கு இன்றைக்கு வலு இல்லை, நீயே பார்த்துக்கொள்" என்று பெருமாளிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். இதுவரை அவர் என்னைக் கீழே போட்டதில்லை.

உங்கள் வீட்டார் இன்னும், கடைசிவரை நீங்கள் குரங்கின் கட்சிதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும். அன்று கோதை சொன்னதும் உங்கள் கண் அவள் முகத்திலேயே நின்றது. சுவர்ப் பக்கம் போகவில்லை. பிறகு வாயைத் திறந்தீர்கள். அதை உங்கள் ஒப்புதலாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.